க்ளெவியோஸ் பிஹெச் 1000: கடத்தும், ஒட்டத்தான் ஆள் வேண்டும்

வளையும் சென்சார், ஆர்கானிக் டிரான்சிஸ்டர் என்று எதில் கைவைத்தாலும், கடைசியில் ஜெர்மனியின் ஹெரேயஸ் தயாரிக்கும் இந்த அடர்நீலத் திரவத்தில்தான் வந்து நிற்போம். பெடாட்:பிஎஸ்எஸ் வகை (பெடாட் மின்சாரம் கடத்தும் பாலிமர், பிஎஸ்எஸ் அதைத் தண்ணீரில் கலந்து நிற்கவைக்கும் இன்னொரு பாலிமர்), திடப்பொருள் 1 சதவீதம்தான், மீதி தண்ணீர். கடத்துதிறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒட்டுவதில்தான் வம்பு. பாலியெஸ்டர் ஷீட்டில் அப்படியே ஊற்றி, மெல்லிய படலமாகப் பரவ ஷீட்டைச் சுழற்றினால் முத்து முத்தாகத் திரளும். ஒருவழியாகப் பரவிக் காய்ந்தாலும், தண்ணீரில் வைத்ததும் பிஎஸ்எஸ் நீரைக் குடித்து உப்பி, ஓரத்திலிருந்து தோலாக உரிந்து மிதக்கும்.

இதைத் தவிர்க்க, 10 மி.லி. திரவத்துக்கு எத்திலீன் கிளைக்கால் 0.5 மி.லி. (கடத்துதிறன் ஏற), சோப்பு போன்ற டிபிஎஸ்ஏ 10 மைக்ரோலிட்டர் (பரவ) சேர்த்து 10 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள் (மீயொலியால் கலக்குவது). ஒட்டவைக்க ஜிஓபிஎஸ் என்ற சிலேன் (சிலிக்கான் சேர்மம்) 100 மைக்ரோலிட்டர், கடைசியில்தான். பிறகு 0.45 மைக்ரான் ஃபில்டர். ஜிஓபிஎஸ் விழுந்த கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் கட்டி தட்டும்.

ஜிஓபிஎஸ்ஸின் ஒரு முனை பிஎஸ்எஸ்ஸைப் பிடிக்கும், மறுமுனை பரப்பிலுள்ள ஓஹெச் (ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகளை. கண்ணாடியில் அவை தாராளம். பாலியெஸ்டரில் ஆக்ஸிஜன் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். அதுவும் நேரம் போகப்போக மங்கும் என்பதால், பிளாஸ்மா முடிந்த கையோடு பூசிவிடுவது நல்லது. பூசியபின் காயவைக்க வழக்கமான சூடு 140 டிகிரி, 1 மணி நேரம். சாதா ஷீட் அதில் சுருண்டுவிடும், வெப்பம் தாங்கும் ரகமாக வாங்குங்கள்.

நன்றாக ஒட்டியதா என்று பார்க்க, காய்ந்த படலத்தில் பிளேடால் 1 மி.மீ. கட்டங்கள் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று உரியுங்கள். கீறிய இடம் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் விட்டுப்போனது ஷீட்டும் படலமும் சேரும் இடம், பிளாஸ்மாவைப் பாருங்கள். டேப்பிலும் நீலம், ஷீட்டிலும் நீலம் என்றால் படலமே நடுவில் கிழிந்திருக்கிறது. பெரும்பாலும் ஈரம்தான் காரணம், பிளாஸ்மாவைக் கூட்டிப் பயனில்லை. இன்னும் காயவைக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பிளாஸ்மா நேரத்தையே மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

தங்க மின்முனைகள் மேல் ஓஹெச் இல்லாததால் அங்கேதான் படலம் முதலில் கிளம்பும். ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி புகும் இண்டியம் டின் ஆக்ஸைடு) பூச்சின் மேல் போடுவதானால், இது அமிலத் திரவம், நாளடைவில் ஐடிஓவை அரிக்கும்.

ஜிஓபிஎஸ் கடத்துதிறனைக் குறைக்கும். தண்ணீரே படாத சாதனத்துக்கு அதைச் சேர்க்காதீர்கள். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஒருமுறை உறைந்தால் திரிந்துவிடும், குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது.