ஃபார்மேட் போடாமல் மாற்றிக் கொடுத்த மாடிக் கடை

தங்கச்சிமடத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டீசல் மானிய மனு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகை மீட்டுத் தரச் சொல்லி கலெக்டருக்கு மனு, எல்லாம் என் லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. தமிழ்99 விசைப்பலகை, பழைய மனுக்களைத் திறக்க பாமினி எழுத்துரு, லீகல் தாளுக்கு ஓரம் விட்டு வைத்த மாதிரிகள், பிரிண்டர் அமைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

கடலிலிருந்து உப்போடு வீசும் கச்சான் காற்றுக்கு எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே தாங்காது, லேப்டாப் எம்மாத்திரம்? முதலில் யூஎஸ்பி வாய் போனது. அப்புறம் 'க' விழவில்லை. 'க' இல்லாமல் கலெக்டருக்கு எப்படி மனு எழுதுவது? மே மாதம் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிட்டது. 18,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். பழையதில் இருந்த எல்லாமே அப்படியே இதற்கு வர வேண்டும்.

முதலில் போன ஒரு கடையில், "புதுசா ஃபார்மேட் போட்டு, ஃபைலை மட்டும் காப்பி பண்ணித் தர்றோம்" என்றார்கள். ஃபைல் போதும் என்றால் நானே பென் டிரைவில் எடுத்திருக்க மாட்டேனா?

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். நான் சொல்ல வந்த லேப்டாப் ரிப்பேர் கடை அரண்மனைப் பக்கம், மாடியில் இருக்கிறது. போர்டு வெயிலில் வெளுத்து, பெயரே தெரியவில்லை. படி செங்குத்து; முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். வேலை பார்க்கும் தம்பி கேட்ட முதல் கேள்வியே, "என்னென்ன அப்படியே வேணும்க்கா?" என்பதுதான். அதற்கே எனக்குப் பாதி நிம்மதி.

பழைய லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மதர்போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. டேட்டா இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் தப்பித்திருந்தது, 240 ஜிபி. கழற்றி இதில் மாட்டிவிடலாம் என்றால், புதியதில் அது உட்கார இடமில்லை. அதில் இருப்பது சின்னப் பட்டை போன்ற எம்.2 வகை எஸ்எஸ்டிதான், 256 ஜிபி. பழையதை யூஎஸ்பி கேஸில் போட்டு, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஜில்லாவைப் பென் டிரைவில் இருந்து ஓடவிட்டார். புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் இது சிக்கலாம். காப்பி ஆக அரை மணி நேரம் கூட ஆகவில்லை. டேட்டா இருக்கும் இடத்தை மட்டும்தான் எடுக்கும் என்றார்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் ஆன் செய்தார். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால், சேர்ந்தே மாட்டியிருந்தால் எதில் ஏறுகிறோம் என்று குழம்பிவிடுமாம். ஆனால் லேப்டாப் பூட் ஆகவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"வீடு அப்படியே வந்துடுச்சுக்கா, வாசலைத்தான் மாத்திக் கட்டணும்" என்றார். என் மின்ட், லேப்டாப் பூட் ஆகும் பழைய முறையான பயாஸில் போட்டது. புது லேப்டாப்புக்கு யூஇஎஃப்ஐ என்ற புது முறை மட்டும்தான் தெரியும். மின்ட் பென் டிரைவில் ஏறி, டிஸ்க்கின் பார்டிஷன் அட்டவணையை அதற்கேற்ற ஜிபிடி முறைக்கு மாற்றி, கடைசியில் மிஞ்சியிருந்த இடத்தில் பூட் ஆவதற்கென்று 500 எம்பிக்கு ஒரு பார்டிஷன் போட்டு, மின்ட்டை ஏற்றிவிடும் கிரப்பைத் திரும்ப நிறுவினார். நடுவே இரண்டு போன், ஒரு டீ. ஒரு மணி நேரம் கழித்து என் திரை வந்தது: அதே பாம்பன் பாலம் படம், முந்தைய வாரம் பாதியில் விட்ட மனு. 'க' விழுந்தது!

பக்கத்தில் ஒருவர் விண்டோஸ் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கிறது, அவரிடம் இல்லை. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த மதர்போர்டுக்குத்தான், வேறு லேப்டாப்புக்கு வராது என்றும் தம்பி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லினக்ஸில் அந்த லைசென்ஸ் தொல்லை இல்லை. பாகங்களை இயக்கும் பெரும்பாலான டிரைவர்களும் லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன.

பெரும்பாலான என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் வைஃபை இல்லை. கடையில் அதை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா? போன் போட்டதும் எடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். என் மொபைலைக் கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு போன் நெட்டைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கான பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் சரியானது. பிரிண்டர் எதுவும் கேட்காமல் ஓடியது.

கூலி 800, யூஎஸ்பி கேஸ் 350. பில் தரவில்லை, நான் கேட்டதும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் கையில் கொடுத்து, "ஒரு மாசம் அப்படியே வச்சிருங்கக்கா" என்றார். அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார், திறக்க இரண்டரை ஆகும். வைஃபை வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுப் படி இறங்குங்கள்.