சன்ரூஃப் கண்ணாடி உடைந்தால்: ஒட்டுவதா, மாற்றுவதா, அடைப்பதா?

நிழல் கிடைத்தால் போதும் என்று தென்னை மூட்டில் காரை விடுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழக்கம். கூரை முழுக்க இரும்பாக இருந்தவரை நெற்றுத் தேங்காய் விழுந்தால் ஒரு குழி, டிங்கரிங் பட்டறையில் ஒரு நாள், அவ்வளவுதான். சன்ரூஃப் வந்து கூரையில் பாதி கண்ணாடியான பிறகு கணக்கு மாறிவிட்டது. களியக்காவிளை சாலையில் முன்னால் போகும் டாரஸ் லாரியிலிருந்து தெறிக்கும் சல்லி, ரப்பர் தோட்டத்து வழியில் முறிந்து விழும் கொப்பு, ஆரல்வாய்மொழிக் காற்றில் பறந்து வரும் தகரத் துண்டு என்று எது பட்டாலும் செலவு பெரிது.

உடைந்தவுடன் எல்லாரும் கேட்பது "கண்ணாடி என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. அது எந்த வகைக் கண்ணாடி? உடைந்த தூள் எங்கெல்லாம் போயிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த வழி நமக்கு என்பது பாதி முடிவாகிவிடும்.

முதல் கேள்விக்குப் பதில் கண்ணாடியின் மூலையிலேயே இருக்கிறது. செயின்ட்-கோபெய்ன் செக்யூரிட், ஏஐஎஸ் என்று தயாரிப்பாளர் பெயர் பொறித்த இடத்தில் டெம்பர்டா லாமினேட்டடா என்பதும் பல கண்ணாடிகளில் எழுதியிருக்கும். எழுத்து இல்லையென்றால் உடைந்த விதமே சொல்லும். மூக்குத்தி அளவுத் துண்டுகளாகப் பொலபொலவென்று கொட்டினால் டெம்பர்டு. சிலந்தி வலைபோல் விரிந்தும் கீழே கொட்டாமல் அப்படியே நின்றால் லாமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் படலம் பிடித்து வைத்திருக்கிறது. திறந்து மூடும் சன்ரூஃப்களில் டெம்பர்டுதான் அதிகம். கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியான பனோரமிக் கூரைகள் சிலவற்றில் லாமினேட்டட் வருகிறது.

ரெசின் ஊற்றி ஒட்டலாமா?

முன்கண்ணாடியில் சல்லி பட்ட புள்ளிக்கு ரெசின் ஏற்றுவதைப் பார்த்தவர்கள் அதையே மேலேயும் செய்யச் சொல்கிறார்கள். டெம்பர்டு கண்ணாடியில் அது நடக்காது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி அது. மேல்தோல் உள்ளுக்கு இறுகியும் நடுப்பகுதி வெளியே இழுத்துக்கொண்டும் இருக்கும். இறுகிய தோலின் ஆழம் ஒவ்வொரு பக்கமும் மொத்தக் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, 4 மி.மீ. கண்ணாடியில் 0.8 மி.மீ. அந்த ஆழத்தைத் தாண்டி ஒரு கீறல் இறங்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் சிதறிவிடும். பாதி விரிசல் என்ற நிலையே அதற்குக் கிடையாது, ரெசின் ஏற்ற இடமும் கிடையாது. சிதறாமல் மேலே சின்னச் சொட்டை மட்டும் விழுந்திருக்கிறதா? ஒன்றும் செய்யாமல் விடலாம். ஆனால் அது ஓரத்தில் இருந்தால் நம்ப வேண்டாம். டெம்பர்டு கண்ணாடிக்கு உயிர்நிலை ஓரம்தான். நடுவில் சுத்தியலைத் தாங்குவது ஓரத்தில் ஒரு திருகாணி உரசினால் போய்விடும். வெயிலில் கிடந்த வண்டி நேற்றுப் பட்ட அடிக்கு இன்று மத்தியானம் வெடிப்பதும் இதனால்தான்.

லாமினேட்டட் என்றால் ரெசினுக்கு வாய்ப்பு உண்டு. புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக, மேல்கண்ணாடியில் மட்டும், ஓரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மழைநீரும் தூசியும் உள்ளே இறங்குமுன் செய்துவிட வேண்டும். ஈரம் புகுந்த விரிசலில் ரெசின் பிடிக்காது. அதுவரை புள்ளிமேல் ஒரு துண்டு செலோ டேப் போதும். விரிசல் கோடாக ஓடத் தொடங்கிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அக்ரிலிக் தட்டு, தகரம்: மலிவான வழிகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சாதாரணக் கண்ணாடிக் கடைக்காரரிடம் அளவு கொடுத்து வெட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுவார். அவர் சொல்வது சரி. டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. வெட்டி, வளைத்து, பிறகுதான் டெம்பர் செய்வார்கள். அடுத்த யோசனையாக வருவது அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் தட்டு. வெட்டலாம், துளைக்கலாம், விலையும் குறைவு.

ஆனால் வெயிலில் அது விரிகிறது. 80 செ.மீ. நீளத் தட்டு, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில், கண்ணாடியானால் 0.3 மி.மீ.கூட விரியாது. அக்ரிலிக் 2 மி.மீ.க்கு மேல் விரியும். காலையில் சரியாகப் பொருந்திய தட்டு மத்தியானம் வில்லாக வளைந்து ரப்பர் சீலைத் தூக்கிவிடும், சாயங்காலம் மழை. இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. தொழிற்சாலைக் கண்ணாடியின் ஓரத்தில் சுட்டுப் பதித்த கறுப்புப் பட்டை இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. அடியில் இருக்கும் பாலியூரித்தேன் பசையில் வெயில் படாமல் காப்பது அதுதான். அக்ரிலிக்கில் அந்தப் பட்டை இல்லை. பசை வெயிலில் வெந்து பொடிந்து, தட்டு ஒரு நாள் முப்பந்தல் காற்றோடு போகும்.

தகரம் வைத்து ரிவெட் அடிப்பதைவிட இது மேல் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ரிவெட்டுக்குத் துளைத்த ஒவ்வொரு இடமும் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுபட்டுச் சீக்கிரமே துருக்கண்ணாகிவிடும். கண்ணாடியே கிடைக்காத பழைய மாடல் என்றால் மட்டும் அடைப்பதற்கு நியாயம் உண்டு. அப்போதும் உள்ளே உள்ள மோட்டாரையும், கண்ணாடி நகரும் தடமான ரெயிலையும் கழற்றிவிட்டு, தகட்டைக் கீழிருந்து பொருத்தி, பிரைமர் அடித்து, கூரைத்துணியைப் புதிதாகப் போட வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலியைக் கேட்டால் மலிவு என்ற பேச்சே அடங்கிவிடும்.

புதுக் கண்ணாடியா, பழைய கண்ணாடியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். புதியது ஷோரூம் வழியாக வரும். இருப்பில் இல்லாமல் ஆர்டர் போட்டுக் காத்திருக்க நேரலாம். பழையது சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களிலோ, விபத்தில் நொறுங்கிய வண்டியைப் பிரித்து விற்பவர்களிடமோ கிடைக்கும். திறந்து மூடும் கண்ணாடிக்குப் பழையது தைரியமாக வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. அது பசை போட்டு ஒட்டியது அல்ல. இரண்டு பக்கமும் உள்ள பிராக்கெட்டில் நாலோ ஆறோ டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகாணிதான். பசையில் ஒட்டிய, திறக்காத கண்ணாடிக்குப் பழையது வேண்டாம். அறுத்தெடுக்கும்போது ஓரத்தில் கம்பி உரசியிருக்கும், அந்தக் காயம் பின்னால் வெடிக்கும்.

பழையதை வாங்கும்போது பாக எண் ஒத்துப்போகிறதா, கண்ணாடியின் நிறம் ஒன்றா, சுற்றியுள்ள ரப்பர் வார்ப்பு கண்ணாடியை விட்டுப் பிரியாமல் இருக்கிறதா, பிராக்கெட்டின் மரை தேயவில்லையா என்று பாருங்கள். நகத்தால் நாலு ஓரமும் தடவிப் பார்த்தால் சொட்டை தட்டுப்படும். பார்சலில் வருவதானால் படுக்கவைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். தெர்மோகோல் சுற்றி, மரச்சட்டத்துக்குள் நிறுத்தி வைத்து வர வேண்டும்.

மாட்டும் வேலை: செலவு எங்கே போகிறது

ஷோரூம், வெளியே உள்ள கார் கண்ணாடிக் கடை, நம்பிக்கையான மெக்கானிக் என மூன்று இடங்கள் உண்டு. திருகாணி கழற்றி மாட்டுவது மூவருக்கும் அரைமணி வேலை. வித்தியாசம் அதற்கு முன்னால் நடக்கும் துப்புரவில் இருக்கிறது.

டெம்பர்டு கண்ணாடி சிதறும்போது துண்டுகள் ரெயிலுக்குள்ளும், கண்ணாடியை இழுக்கும் கேபிள் ஓடும் குழலுக்குள்ளும், நாலு மூலையிலும் உள்ள வடிகால் துளைக்குள்ளும் விழும். அதை அப்படியே விட்டுப் புதுக் கண்ணாடியை மாட்டினால், முதல் தடவை திறக்கும்போதே துண்டு கேபிளின் பல்லில் மாட்டும். மோட்டார் இழுக்கும், கண்ணாடி ஒரு பக்கம் கோணும், ரெயிலில் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஷூ உடையும். கண்ணாடி விலைக்கு வந்த வேலை முழு ரெயில் அசெம்பிளி விலைக்குப் போய் நிற்கும். ஆகவே எஸ்டிமேட் வாங்கும்போது "ரெயில் துப்புரவு, வடிகால் சோதனை" என்று தனி வரி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வரி இல்லாத குறைந்த கூலி குறைந்த கூலியே அல்ல.

செய்ய வேண்டிய முறை இது. கண்ணாடிக்குக் கீழே உள்ள துணித்திரை மூடியிருந்தால் திறக்கவே கூடாது. அதுதான் துண்டுகளை ஏந்திக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வேக்வம் போட்டு அள்ளிய பிறகே திரையைத் தொட வேண்டும். ரெயிலைச் சிறு தூரிகையால் தட்டித் தட்டி மறுபடி வேக்வம். பழைய கிரீஸில் தூள் ஒட்டியிருக்கும். அதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு சன்ரூஃபுக்கான கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அது மருந்துதான், ஆனால் ரெயிலில் தூசியைப் பிசினாகப் பிடித்து வைக்கும்.

வடிகாலுக்குள் கம்ப்ரசர் காற்றைப் பலமாக அடித்தால், கூரைத்துணிக்குள் குழாய் இணைப்பு கழன்றுவிடும். பிறகு தண்ணீர் இருக்கைக்கு. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூலை மெதுவாக விட்டு எடுப்பது நல்லது. அதன்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றினால் கதவுக் கீல் பக்கமோ சக்கரத்தருகிலோ தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அடைப்பு. வண்டிக்குள் கால்விரிப்பு நனைந்தால் குழாய் கழன்றிருக்கிறது. இரண்டு பருவமழையும் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் சாகுபடிகளுக்கு நல்லது. அடைத்த வடிகாலுக்கு ஆண்டில் இரண்டு தேர்வு.

கண்ணாடி உயரத்தைச் சரிசெய்வதும் கவனிக்க வேண்டியது. முன் ஓரம் கூரைக்குச் சமமாகவோ 1 மி.மீ. வரை தாழ்ந்தோ, பின் ஓரம் சமமாகவோ 1 மி.மீ. வரை உயர்ந்தோ இருக்க வேண்டும். முன்பக்கம் தூக்கி நின்றால் நாலுவழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் விசில் அடிக்கும். கடைசியில் மோட்டாருக்குத் திறப்பு, மூடல் எல்லையைக் கற்பிக்க வேண்டும். பல வண்டிகளில் மூடும் சுவிட்சை 10 விநாடி விடாமல் அழுத்தினால் அது நடக்கும். வண்டியின் கையேட்டில் முறை இருக்கும். இதைச் செய்யாவிட்டால் விரல் மாட்டாமல் காக்கும் பாதுகாப்பு குழம்பி, பாதி மூடியதும் கண்ணாடி திரும்ப ஓடும்.

பசையில் ஒட்டிய, திறக்காத கண்ணாடி மட்டும் வேறு கதை. பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் 1–2 மி.மீ. விட்டுச் சீவி, பெயின்ட் உரிந்த இடத்தில் பிரைமர் தடவி, முக்கோண வடிவில் பாலியூரித்தேன் பசை இட வேண்டும். பிரைமரைத் தவிர்த்தால் துரு பசைக்கடியில் ஓடி, அடுத்த வருடம் கசியும். இந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும். நம் ஊர் ஈரக்காற்று கெடுக்காமல் உதவும் ஒரே இடம் இது. இந்த வேலைக்கு ஷோரூமோ, முன்கண்ணாடி தினமும் மாட்டும் கடையோதான். திருகாணிக் கண்ணாடிக்கு, துப்புரவைப் பொறுமையாகச் செய்யும் வெளி மெக்கானிக் ஷோரூமுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல.

இன்ஷூரன்ஸா, கைக்காசா?

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிளெய்ம் என்ற பேச்சே இல்லை. முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். 1500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் நம் பங்கு. பசை, கிரீஸ் எல்லாம் நுகர்பொருள். அதற்கான கூடுதல் பாலிசி இருந்தால்தான் கிடைக்கும். கம்பெனியில் வராமல் வெளியே கூரையை வெட்டிப் போட்ட சன்ரூஃபுக்கு எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு கிளெய்ம் போட்டால், கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி, வருடந்தோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று மறுபடி ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் போனஸ் கழிக்காமல் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் அடுத்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 7,000, 4,200, 3,500, 2,100, 700. மொத்தம் 17,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டி மதிப்பு வருடந்தோறும் குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். இப்போது 20 சதவீதத்தில் இருப்பவருக்கு இதே இழப்பு 11,200. எஸ்டிமேட் இந்தத் தொகையின் பக்கத்தில் இருந்தால் கைக்காசு, நன்றாகத் தாண்டினால் கிளெய்ம். போனஸ் பாதுகாப்பு எடுத்தவர்கள் கிளெய்முக்குப் போகலாம். கிளெய்ம் என்றால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. விழுந்த தேங்காயையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பாகம் வரும்வரை

சன்ரூஃப் சுவிட்சைத் தொட வேண்டாம். சிதறியும் விழாமல் நிற்கும் கண்ணாடிமேல் அகலமான பேக்கிங் டேப்பை வரிசையாக ஒட்டுங்கள். துளை விழுந்திருந்தால் கனமான பாலித்தீனைக் கூரையின் இரு பக்கமும் ஒரு சாண் தாண்டும்படி விரித்து, முன் ஓரத்தை முதலில் ஒட்ட வேண்டும். பெயின்ட்மேல் நேராகத் துணி டேப் போடாமல் அடியில் ஒரு வரி மாஸ்கிங் டேப் போட்டு அதன்மேல் ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு நாள் வெயிலில் பசை இறுகி, உரிக்கும்போது பெயின்ட்மேல் உள்ள கிளியர் கோட் பூச்சும் சேர்ந்து வரும். ஓட்டும்போது ஜன்னலைத் திறந்தால் உள்காற்று பாலித்தீனை மேலே தள்ளும். ஜன்னலை மூடியே 40 கி.மீ. வேகத்துக்குள் போகலாம். கூரையில் மீதியாகும் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னர் கூடாது.