பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளோடு 3 வருடம்

பேட்டிப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. 3 வருடமாக முதல் வரைவை மென்பொருள் போடுகிறது, நான் திருத்துகிறேன். நேரம் மிச்சமாகிறதா என்றால், ஆகிறது. ஆனால் முன்பு கை வலித்தது, இப்போது காது வலிக்கிறது.

லகர ளகரக் குழப்பம் எல்லாம் பெரிய தொல்லையே இல்லை. 'நெல் விலைகிறது' என்று இருந்தால் கண்ணே பிடித்துவிடும். படிக்க ஒழுங்காக இருக்கும் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு பேட்டியில், 'நாங்க செய்யலைன்னு அன்னைக்கே சொன்னேன்' என்றவர் வாயில் 'செய்யலாம்னு' என்று போட்டிருந்தது. வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. பொருள் மட்டும் தலைகீழ். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து எதிர்மறை வினை, எண் இரண்டையும் ஒலியோடு ஒத்துப் பார்க்காமல் விடுவதில்லை. வேகமாகப் பேசினால் எழுபதும் எண்பதும் மென்பொருளுக்கு ஒன்றுதான்.

மென்பொருள் எவ்வளவு தவறுகிறது என்பதற்கு, சொற்பிழை விகிதம் என்று ஒரு கணக்கு காட்டுவார்கள். மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 'வந்துகொண்டிருந்தபோது' என்பதை 'வந்து கொண்டிருந்த போது' என்று பிரித்துவிட்டால், ஒரே சொல்லுக்கு 3 பிழை. படிப்பவருக்கு அதில் என்ன நஷ்டம்? அந்த 'செய்யலாம்' இருக்கிறதே, அது வெறும் 1.

பேசுபவர் யோசிக்க நிறுத்தினாலும் மென்பொருள் சும்மா இருக்காது. யாரும் சொல்லாத நன்றியும் வணக்கமும் வரும், ஒரே வரி நாலு தடவை வரும். மௌனமான பகுதிகளை முன்பே வெட்டிக் கொடுத்த பிறகு பெரும்பாலும் அடங்கியது. ஆட்பெயர்களை முன்குறிப்பாகக் கொடுப்பதும் உதவுகிறது, அளவோடு. நீளப் பட்டியல் கொடுத்தேன். சொல்லாத இடத்திலெல்லாம் அந்தப் பெயர்கள் முளைத்தன.

திருத்தும் வேலையையும் மொழி மாதிரியிடம், அதாவது எழுத்தைப் படித்து எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவிடம், விட்டுப் பார்த்தேன். ஒற்றெல்லாம் அழகாகப் போட்டது. கூடவே 'போயிட்டு வந்தாரு' என்பது 'சென்று வந்தார்' ஆகி, பேசியவரின் குரலே போய்விட்டது. 'செய்யலாம்' மட்டும் அப்படியே இருந்தது. எழுத்தை மட்டும் பார்ப்பதற்கு எப்படித் தெரியும்? இப்போது ஒற்றுப்பிழையைக் குறித்துக் காட்ட மட்டும் சொல்கிறேன், மாற்றச் சொல்வதில்லை. மற்றதற்கு ஹெட்ஃபோனும், நிறுத்தினால் தானாக 2 நொடி பின்னால் போகிற பிளேயரும்தான்.