வசம்பு செடி (சித்தாபுரா பக்கத்து நர்சரி) – 5க்கு மூணரை

குளத்தோட கரைக்கு நம்ம ஊர்ச் செடியா, பூக்குறதா, ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கா நிக்கிறதா ஒண்ணு வேணும்னு பெங்களூர் நர்சரில கேட்டுப் பாருங்க, கல்வாழையும் மெக்சிகன் பெட்டூனியாவும்தான் நீட்டுவாங்க, ரெண்டும் அமெரிக்கா கண்டத்துச் சரக்கு. லால்பாக் தாண்டி சித்தாபுரால வரிசையா நர்சரி இருக்குல்ல, அதுல ஒரு சின்னக் கடைல வசம்பு கேட்டேன். கடைப் பையன் முழிச்சான், உள்ள இருந்த பெரியவர்தான் "பஜே கேக்குறாருடா"ன்னு கன்னடப் பேரைச் சொல்லி எடுத்துட்டு வரச் சொன்னாரு. தொட்டி 120 ரூபா. தும்கூர் பக்கம் கொரட்டகெரெல இதை வயல்லயே பயிர் பண்றாங்க, அதனால இந்த ஊர் வெயிலுக்கு வருமாங்கற கவலையே வேணாம்.

"இலையைக் கசக்கி மோந்து பாருங்க சார், அப்புறம் காசு குடுங்க"ன்னாரு. கசக்குனதும் கும்முனு வசம்பு வாசனை. வாசனை வரலன்னா வாங்காதீங்க, ஐரிஸ் இலையும் இதே மாதிரி கத்தி கத்தியாதான் இருக்கும். வசம்பு இலைல ஒரு ஓரம் மட்டும் சுருக்கு சுருக்கா நெளிஞ்சிருக்கும், அதையும் பாத்துக்கங்க.

மார்க் குறைச்சது எதுக்குன்னா, தொட்டி முழுக்க வெறும் கோகோபீட், அதாவது தேங்கா நார்த்தூள். குளத்துக்குன்னு சொல்லித்தான் வாங்குறோம், அப்படியே தண்ணில இறக்குனா மொத்தமும் மிதந்து தண்ணி டீ கலர் ஆயிடும், அதை ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? வேரை நல்லா அலசிட்டு, களிமண் கலந்த செம்மண்ல கிழங்கைப் படுக்கப் போட்டு, மேல லேசா மண்ணு மூடி, மீன் கிளறாம இருக்க கொஞ்சம் ஜல்லி பரப்பிட்டேன். மண்ணுக்கு மேல ரெண்டு மூணு இன்ச் தண்ணி போதும்.

பூன்னதும் தாமரை ரேஞ்சுக்கு நினைக்காதீங்க. திப்பிலியைப் பெருசாக்குன மாதிரி பச்சை மஞ்சள்ல ஒரு விரல் நீளத்துக்கு, இலை மாதிரியே இருக்க தண்டுல இருந்து பக்கவாட்டுல சாஞ்சு நிக்கும், தேடித்தான் பாக்கணும். எனக்குப் பிடிச்சிருக்கு, கலர் வேணுங்கறவங்களுக்குப் பிடிக்காது. தொட்டில காயவிட்டு வளத்தா அதுவும் வராது, காலடி எப்பவும் ஈரமா இருக்கணும். விதைக்கெல்லாம் காத்திருக்க வேணாம், கிழங்கு படர்ந்ததும் வெட்டி நட்டாப் போதும்.

இன்னொண்ணு, கிழங்கு வந்ததும் சுட்டு உரசிக் குழந்தை நாக்குல தடவலாம்னு வீட்டுப் பெரியவங்க கிளம்புவாங்க, வேணாம். இதுல இருக்க பீட்டா அசரோன்ங்கற வேதிப்பொருளுக்காக அமெரிக்கால 1968லயே சாப்பாட்டுல சேர்க்கத் தடை போட்டாச்சு.

கடைல கார்டு வாங்கறதில்ல, யுபிஐ ஓகே. பார்க்கிங் சுத்தமா கிடையாது, ஆட்டோல போயிடுங்க.