தேங்காய்ப்பூத் துண்டா, பூச்சி ஸ்ப்ரேயா? கடற்கரைச் சாலை பைக் வைசருக்கு எது தேறும்

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்து விட்ட மாலையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் பக்கம் வண்டியை விட்டால் வைசர் என்ன கதிக்கு ஆளாகும் என்று இராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் வயல்களிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி, மண்ணுக்குள்ளிருந்து ஈசல், கண்மாய்க் கரையிலிருந்து கொசுவும் அந்துப்பூச்சியும் என்று எல்லாம் ஹெட்லைட்டைத் தேடித்தான் வரும். விளக்குக்கு நேர் மேலே நிற்பது வைசர். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை என்பதால் பாதகமில்லை. அதைத் தாண்டி இராமேஸ்வரம் நோக்கி வரும்போது எதிர் வண்டியின் ஹைபீம் வைசரில் அப்பிய பூச்சிக் கறையில் பட்டுச் சிதறினால் ஒரு நொடி சாலையே தெரியாது.

இதைத் துடைக்க என்று கடையில் விற்பதும், வீட்டில் கிடப்பதும், வாட்டர் வாஷில் அடிப்பதும் ஒவ்வொன்றாக எப்படி என்று பார்ப்போம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தக் கரைக்கு ஒரு தேங்காய்ப்பூத் துண்டும் ஒரு லிட்டர் நல்ல தண்ணியும்தான் முதல் இடம். பூச்சிக் கறையை நீக்கும் ஸ்ப்ரே ஈசல் சீசனுக்கு மட்டும். மற்றதில் பாதிக்கு மேல் வைசரைக் கெடுக்கிற சாமான்.

கண்ணாடி என்று வாய் சொன்னாலும் அது பிளாஸ்டிக். கம்பெனியிலிருந்து வண்டியோடு வருவது பெரும்பாலும் பாலிகார்பனேட். வெளியே மலிவாக வாங்கி மாட்டுவதில் அக்ரிலிக் நிறைய உண்டு. அடி விளிம்பில், பிராக்கெட் மறைக்கும் இடத்தில், பிசி அல்லது பிஎம்எம்ஏ என்ற ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பாலிகார்பனேட், இரண்டாவது அக்ரிலிக். பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது, ஆனால் மேல்பரப்பு மெத்து. கீறல் விழாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய கடினப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அது போனால் வைசரும் போனது மாதிரிதான். அக்ரிலிக் கீறலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஸ்பிரிட், அமோனியா பட்டால் உள்ளுக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். எதைக் கொண்டு துடைக்கலாம் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, உள்நாட்டுச் சாலையில் வைசரில் இருப்பது பூச்சி மட்டும். பாம்பன் பாலத்தையோ தனுஷ்கோடி சாலையையோ தொட்டு வந்த வண்டியில் பூச்சிக்கு அடியிலும் மேலும் உப்பும் மணலும் இருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் சாலையின் குறுக்கே மணல் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடல் உப்பு இரவில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், அதில் மணல் துகள் ஒட்டும், மறுநாள் வெயிலில் உப்பு காய்ந்து அந்த மணலை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போது துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வைசரில் வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் அத்தனையும் துடைத்த கை போட்டது, பூச்சி போட்டதல்ல.

ஆகவே துண்டு. தேங்காய்ப்பூத் துண்டின் சுருள் நூல் தண்ணியை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரிழைத் துண்டு அதில் பாதியைக்கூடப் பிடிக்காது, காற்றில் சீக்கிரம் காய்ந்தும் விடும். கை துடைக்கும் அளவில் ஒன்று, பழையதாக, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக இருந்தால் உத்தமம். ஓரத்தில் பார்டர் தைத்திருந்தால் அந்த முரட்டுப் பகுதியை மடித்து உள்ளே விடுங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி வைசர் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். வெயிலில் ஐந்து நிமிடம் நின்ற வைசரில் ஊற்றுவது ஊறுவதற்குள் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போகும். முதலில் மேல் விளிம்பிலிருந்து சுமார் 400 மில்லி தண்ணியை மெதுவாக வழியவிட வேண்டும். கை படக்கூடாது. உப்பு கரைந்தால் மணலுக்குப் பிடி போகும், தானாக இறங்கும். பிறகு துண்டைத் தண்ணியில் முக்கி, பிழியாமல், வைசர் முழுக்க மூடுகிற மாதிரி போர்த்துங்கள். காற்று இருந்தால் துணி கிளிப் இரண்டு. பத்து நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் இன்னும் ஒரு கை தண்ணி மேலே ஊற்றினால் நல்லது. எடுக்கும்போது இழுக்காமல் மேலே தூக்கி எடுக்க வேண்டும். அன்று அடித்த பூச்சியில் பெரும்பகுதி துண்டோடு வந்துவிடும்.

ஏன் இவ்வளவு நேரம் என்றால், பூச்சியின் உடல் நீரில் புரதம் நிறைய. முட்டை வெள்ளைக்கரு தட்டில் காய்ந்ததைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: காய்ந்தால் பசை, ஊறினால் வழுவழுப்பு. அன்று மாலையே ஊறவைத்தால் பத்து நிமிடம். மறுநாள் மத்தியான வெயில் ஏறவிட்டால் அரை மணி நேரமும் பத்தாது. வெந்நீர் வேகம் கொடுக்கும் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறவர்கள் உண்டு. சூடு புரதத்தை இன்னும் இறுக்கத்தான் செய்யும், வெதுவெதுப்போடு நிறுத்துங்கள்.

தண்ணிக்கு வருவோம், இந்த மாவட்டத்தில் பாதி வம்பு அங்கேதான். போர் தண்ணி பல ஊர்களில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் பூச்சி இருந்த இடத்தில் வெள்ளை வட்டங்கள் வரும். அது சுண்ணாம்புப் படிவு. சோப்புக்கு அசையாது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, நல்ல தண்ணியில் அலசினால் போகும். அதற்கு முன்னமே, கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லி செலவழிப்பது புத்திசாலித்தனம். பெட்ரோல் பங்க், பேட்டரி கடை எங்கும் கிடைக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆனால் குடிக்கிற தண்ணியை வண்டிக்கு ஊற்றி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

துண்டுக்குப் பிறகும் ஒரு எண்ணெய்ப் பூச்சு நிற்கும், குறிப்பாக ஈசல் அடித்திருந்தால். ஈசல் கொழுப்பு நிறைந்த உயிர். வறுத்துத் தின்றவர்களுக்குத் தெரியும். கொழுப்பு வெறும் தண்ணியில் வராது. இதற்கு பேபி ஷாம்பு லிட்டருக்கு அரை டீஸ்பூன் போதும். பாத்திரம் கழுவும் லிக்விட் என்றால் லிட்டருக்கு நாலு சொட்டு. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முன்பு பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பாக்கெட் ஷாம்பு வாங்கினால் கண்டிஷனர் கலக்காததாகப் பாருங்கள், இல்லையென்றால் மங்கலாக ஒரு படலம் நிற்கும். மைக்ரோஃபைபர் துணியை இந்தத் தண்ணியில் நனைத்து, விரல் நுனியின் எடை மட்டும் கொடுத்து மேலிருந்து கீழாக. வட்டமாகத் தேய்க்காதீர்கள்: நேர்க்கோட்டுக் கீறல் ஒரு கோணத்தில்தான் பளிச்சிடும், வட்டக் கீறல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் பளிச்சிடும். சோப்புத்தூளும் துணி சோப்பும் வேண்டாம். அவற்றின் காரம் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

இனி பூச்சி ஸ்ப்ரே. கார் சாமான் கடையிலும் ஆன்லைனிலும் பல பெயரில் விற்பவற்றில் உள்ளே இருப்பது அனேகமாக ஒன்றுதான்: நுரைப்பொருள், லேசான காரம், கொஞ்சம் கரைப்பான். வேலை செய்கிறதா என்றால் செய்கிறது. ஒரு நாள் வெயிலில் காய்ந்த ஈசல் கறையை, துண்டு அரை மணி நேரம் எடுக்கும் இடத்தில், ஸ்ப்ரே இரண்டு மூன்று நிமிடத்தில் இளக்கிவிடும். காசு ஷாம்புத் தண்ணியைப் போலப் பல மடங்கு. எழுத்தைப் படிக்காமல் வாங்குவதுதான் ஆபத்து. பெரும்பாலான குப்பிகள் கார் பெயிண்டுக்கும் நிஜக் கண்ணாடிக்கும் செய்தவை. பாலிகார்பனேட், அக்ரிலிக்குக்குப் பாதுகாப்பு என்று லேபிளில் தெளிவாக இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். இருந்தாலும் அடி மூலையில் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து அலசி, மங்குகிறதா என்று பாருங்கள். உப்பும் மணலும் முதலில் அலசிப் போன பிறகே அடிக்க வேண்டும். வைசர் மேல் காயவும் விடக்கூடாது. கடற்காற்றில் அது நாம் நினைப்பதைவிட வேகமாகக் காயும், கறைக்குப் பதில் வேறொரு கறை கிடைக்கும். தூரப் பயணத்துக்கு 100 மில்லி குப்பி பையில் இருக்கலாம். தினமும் கீழக்கரை, ஏர்வாடி என்று போய்வருகிறவருக்கு இது தண்டச் செலவு.

ஈரத் துடைப்பான், அதாவது குழந்தைகளுக்கான வெட் வைப்ஸ், டீக்கடை நிறுத்தத்துக்கு ஆகும். ஹெல்மெட் வைசருக்கு இன்னும் பொருத்தம். ஒன்றை விரித்து ஒட்டிவிட்டு டீ குடித்து முடியுங்கள், இரண்டாவதால் ஒற்றி எடுங்கள். ஒரே தாளால் முழு வைசரையும் தேய்த்தால் மணலை ஊர்வலம் விட்ட மாதிரி. ஆல்கஹால் கலந்த சானிடைசர் வைப்ஸ் இதற்கல்ல.

தொடவே கூடாத வரிசை நீளம். பெட்ரோல் முதல் குற்றவாளி: ஒரு தேய்ப்பில் பூச்சி போகும், பளபளக்கும், ஆனால் அதிலுள்ள கரைப்பான்கள் போல்ட் துளையைச் சுற்றி இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் வெடிப்பைத் தொடங்கி வைக்கும். சில வாரம் கழித்து வெடிப்பு தெரியும்போது யாரும் பெட்ரோலை நினைப்பதில்லை, வைசரைத்தான் திட்டுவார்கள். மண்ணெண்ணெயும் டீசலும் அதே குடும்பம். டபிள்யூடி-40 பூச்சிக்கு அருமை என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. அதைத் தயாரிப்பவர்களே பாலிகார்பனேட்டில் போடாதீர்கள் என்கிறார்கள். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயில் அமோனியா இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள், இருந்தால் வேண்டாம். பற்பசை, ஸ்கிரப்பர், செய்தித்தாள் மூன்றும் தேய்ப்பான்கள். பற்பசை கீறலை மறைக்கும் என்ற நம்பிக்கையில் கடினப் பூச்சையே வழித்தெடுத்தவை ஏராளம்.

வாட்டர் வாஷ் சேவையை எடுத்துக்கொண்டால், நெடுஞ்சாலையோரத்துக் கடைகள் சேற்றையும் உப்பையும் எடுப்பதில் கெட்டி. என்ஜினுக்கும் அடிப்பாகத்துக்கும் கடல் பக்கம் போய்வந்த வண்டிக்கு அது அவசியமும்கூட. வைசருக்கு மட்டும் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள். தண்ணி பெரும்பாலும் போர் தண்ணி. செயினில் அடிக்கும் டீசல் தூறல் வைசரிலும் படும். கடைசியில் சக்கரத்தைத் துடைத்த அதே ஸ்பாஞ்சு மேலே வரும். ஆகவே, "அண்ணே, வைசர்ல துணி போட வேணாம், தள்ளி நின்னு தண்ணி மட்டும் அடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், செயின் வேலை நடக்கும்போது ஒரு ஈரத் துண்டை வைசர் மேல் போர்த்திவிடுங்கள். நாசில் இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். கிட்டே பிடித்தால் விளிம்பு ரப்பருக்குள் மணலை ஏற்றிவிடும். பாக்கியை வீட்டில் டிஸ்டில்டு வாட்டரால் முடித்துக்கொள்ளலாம்.

சுத்தமான வைசரில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற ஸ்ப்ரே மெழுகு பூசினால் அடுத்த முறை ஊறவைக்கும் நேரம் குறைகிறது, உப்பும் அவ்வளவு பிடிப்பதில்லை. மூன்று நாலு கழுவலுக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். கார் கண்ணாடிக்கான மழைநீர் விரட்டியை, பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று எழுதியிருந்தாலொழிய, இதில் போடாதீர்கள்.

சில மாதத்துக்கு ஒரு முறை வைசரைக் கழற்றி ரப்பர் வாஷர்களுக்கு அடியில் உறைந்த உப்பை அலசுவது நல்லது. இந்தக் காற்றில் சாதா போல்ட் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும், ஸ்டெயின்லெஸ் போட்டுவிடலாம். திரும்ப மாட்டும்போது ரப்பர் லேசாக அமுங்கும் வரை கையால், பிறகு ஆலன் கீயால் கால் சுற்று. போல்ட் கழன்றுவிடுமோ என்று லாக்டைட் மாதிரியான திரெட் லாக்கரை, அதாவது மரையை இறுக்கும் பசையை, போடாதீர்கள். வழிந்து வைசர் துளையில் பட்டால் பாலிகார்பனேட் வெடிக்கும். நைலான் நட் போதும்.

மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும், கழுவ ஒன்று, ஒற்றித் துடைக்க ஒன்று. நிறம் வேறாக இருந்தால் கை மாறாது. துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், நூல்களில் படிந்து தண்ணியை உறிஞ்சாமல் செய்துவிடும். கடற்கரை வீட்டில் வெளிக்கொடியில் காயப்போட்டால் அதுவே உப்பும் மணலும் ஏந்தி வரும். உள்ளே காயவைத்து ஜிப் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். தரையில் ஒரு முறை விழுந்த துணி அன்றோடு செயின் துடைக்கப் போகட்டும்.