கிள்ளானுக்குப் போற ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு: 90 நாள் கணக்கு

மலேசியாவுல ரெட்டைக் குடியுரிமை கெடையாது, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் எடுத்தா குடியுரிமைய விடுற ஃபாரம் K நெரப்பி ஐசிய, அதான் மலேசிய அடையாள அட்டையக் குடுத்துடணும், அப்படிக் குடுத்துட்டு வந்தவங்க பெர்த்துல என்னை மாதிரி நெறைய பேர் இருக்கோம். அதனால கோலாலம்பூர் பக்கத்துல இருக்குற பொறந்த ஊரு கிள்ளானுக்கே போனாலும் நாம சுற்றுப்பயணி தான் லா. விசா வேணாம், 90 நாள் தங்கலாம். இந்தத் தடவ அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், கூட இருக்கணும்னு போனேன்.

போறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள எம்டாக் (MDAC), அதான் மலேசியாவுக்குள்ள வர்றதுக்கான டிஜிட்டல் ஃபாரத்த ஆன்லைன்ல நெரப்பணும். அது ஃப்ரீ, காசு கேக்குற சைட்னா உடனே மூடிருங்க. கோலாலம்பூர் ஏர்போர்ட் கேஎல்ஐஏ-வுல இப்ப ஆஸ்திரேலியாக்காரங்களும் பாஸ்போர்ட்ட மெஷினே பாத்து விடுற ஆட்டோகேட்ல போலாம், க்யூவே இல்ல, சூப்பர். ஆனா பாஸ்போர்ட்ல முத்திரை விழாது, எப்ப வந்தோம்னு அதப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது, போர்டிங் பாஸ தூக்கிப் போடாதீங்க.

90 நாள்னா மூணு மாசம்னு நெனச்சு டிக்கெட் போடுறவங்க இருக்காங்க. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டிப் பாருங்க, 92 வரும். எறங்குன நாளையும் சேத்தே எண்ணுங்க.

அம்மாவுக்குப் புண்ணு ஆற லேட்டாச்சு, எனக்கோ நாள் முடியப் போகுது. மாமா சொல்றாரு, "ரெண்டு நாள் தானப்பா, ஏர்போர்ட்ல ஃபைன் கட்டிட்டுப் போ". அது தாய்லாந்து கதை மாமா! அங்கதான் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000-னு கவுண்டர்ல கட்டலாம், அங்கயும் 90 நாளுக்கு மேல போச்சுன்னா தானா கெளம்புனவனுக்கே ஒரு வருசம் தடை. மலேசியாவுல குடிநுழைவுச் சட்டம் 15ஆவது பிரிவுல அது குத்தம், கோர்ட்டுக்குப் போச்சுன்னா கொறஞ்சது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், இல்ல 5 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. கருப்புப் பட்டியல்ல பேர் ஏறிட்டா அம்மாவப் பாக்க அடுத்த தடவ எப்படி வர்றது? சில பேரக் கம்பவுண்ட், அதாவது கோர்ட்டுக்குப் போகாம முடிக்கிற அபராதம் கட்டச் சொல்லி விட்டுருப்பாங்க, ஆனா அது ஆபீசர் கையில இருக்கு, அத நம்பி உக்காந்திருக்க எனக்குத் தைரியம் இல்ல.

பார்டருக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து ஊரு ஹட்யாய் போய் சாப்பிட்டுட்டு வந்தா புதுசா 90 கெடைக்கும்னு இன்னொரு யோசனை. கெடைக்கலாம், ஆனா தரணும்னு சட்டம் இல்ல, சும்மா போய்ட்டு வர்றவன்னு தோணுச்சுன்னா பார்டர்லயே திருப்பி விடலாம்.

நான் நேரா இமிகிரேசன் ஆபீசுக்குப் போய், இன்னும் கொஞ்ச நாள் தங்க விடுற ஸ்பெஷல் பாஸ் கேட்டேன். நாள் முடியறதுக்கு முன்னாடியே போகணும், காரணம் உண்மையா இருக்கணும். டாக்டர் லெட்டர், அம்மாவோட ஐசி காப்பி, என் பர்த் சர்டிபிகேட், தேதி மாத்துன டிக்கெட் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், போன்ல காட்டுனா வேலைக்காகல. கவுண்டர்ல இருந்த மலாய் அக்கா டிக்கெட்டத் தான் ரொம்ப நேரம் பாத்தாங்க, கெளம்புற தேதி தெரிஞ்சதும் பேச்சே மாறிருச்சு, அன்னிக்கே பாஸ் கெடச்சது.

வெள்ளிக்கிழமை மட்டும் போயிராதீங்க, 12.15க்குத் தொழுகைக்கு மூடுனா 2.45க்குத் தான் தொறப்பாங்க.