வட்ட மெனுவை விலைக்கு வாங்குமுன் அந்த வீடியோவின் அடிப்பகுதியைப் பாருங்கள்

மொத்த வியாபாரி ஒருவருக்காக ஆர்டர் எடுக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய ஆட்கள் ஒரு கையில் பில் புத்தகமும் மறு கையில் போனுமாகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள். கட்டைவிரலாலேயே எல்லாம் முடிய வேண்டும். வலது ஓரத்துப் பொத்தானைத் தொட்டதும் தேர்வுகள் அரைவட்டமாக விரிந்து, விரலை எடுக்காமலே வேண்டியதன்மேல் இழுத்துவிடும் வட்ட மெனு இதற்குப் பொருத்தமாகத் தோன்றியது. நிரல் பாகங்கள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 'முழு மூலநிரலுடன்', அதாவது நாமே திறந்து திருத்தக்கூடிய நிரலுடன், என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மெனு விரிவதைக் காட்டும் வீடியோ ஒன்றும் அதில் இருந்தது.

வந்த ஜிப் கோப்பில் மூலநிரல் இல்லை. தொகுத்து மூடிய, உள்ளே திருத்த முடியாத ஏ.ஏ.ஆர். (AAR) கோப்பு ஒன்றும் அரைப்பக்கக் குறிப்பும்தான். அவசரத்தில் அதையே சேர்த்துவிட்டேன்.

முதல் நாளே வியாபாரியின் ஆட்களில் ஒருவர் அழைத்தார். "சார், மெனுவை இழுத்தால் பக்கமே மூடிக்கொள்கிறது. பாதி எழுதிய ஆர்டர் போய்விட்டது." ஆண்ட்ராய்டு 10 முதல், சைகை வழிச்செலுத்தலில் (அடியில் பொத்தான்கள் இல்லாமல் விரலை இழுத்தே போனை இயக்கும் அமைப்பில்), திரையின் பக்க ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தால் 'பின்செல்' என்று பொருள். இந்த மெனுவும் அதே ஓரத்தில், அதே திசையில் இழுக்கச் சொல்கிறது! குறிப்பிட்ட பகுதியில் அந்தச் சைகையை விலக்கும்படி செயலி கேட்டுக்கொள்ள வழி உண்டு. இதை எழுதியவர் கேட்கவில்லை. நானாவது கேட்கலாம் என்றால், பயனர் பொத்தானை மேலே கீழே நகர்த்தும்போது அது எங்கே நிற்கிறது என்பதை இந்தப் பாகம் வெளியே சொல்வதில்லை. ஓரம் முழுவதையும் கேட்டாலோ 200 டிபி (dp, திரையில் அளவு குறிக்கும் அலகு) உயரத்துக்குமேல் ஆண்ட்ராய்டு தருவதில்லை.

திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கிப் பார்த்தபோது இன்னும் வேதனை. முழு வட்டமும் ஒரே சித்திரமாக வரையப்பட்டிருப்பதால் உள்ளே இருக்கும் தேர்வு எதையும் அது வாசிக்கவில்லை. பார்வையற்ற ஒருவருக்கு என் செயலியில் மெனுவே கிடையாது என்று ஆகியிருக்கும்.

கோப்பைப் பிரித்துப் பார்த்ததில்தான் உண்மை வெளிப்பட்டது. எம்.ஐ.டி. (MIT) என்னும் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூலகம் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதிய நிரல் தொகுப்பு) ஒன்றின் நிரல் வகுப்புகளுடைய (class) பெயர்கள் அப்படியே இருந்தன. அந்த உரிமத்தின்படி விற்பது தவறில்லை. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட நீக்கியிருக்கிறார்கள். தவறிழைத்தவர் யாரோ, செயலியை வெளியிட்டு மாட்டிக்கொள்வது நானாக இருந்திருக்கும்.

விற்றவர் ஒரே ஒரு முறை பதில் எழுதினார்: "அடுத்த பதிப்பில் சரியாகும்." பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது என்று சந்தை கைவிரித்துவிட்டது. அந்த இலவச நூலகத்தையே எடுத்துத் திருத்தி நான்கு நாளில் வேலையை முடித்தேன்.

அவர்களுடைய விளம்பர வீடியோவை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். மெனு அழகாகத்தான் விரிகிறது. ஆனால் போன் திரையின் அடியில் பழைய மூன்று பொத்தான்கள் தெரிகின்றன. அந்த அமைப்பில் ஓரச் சைகையே கிடையாது. உங்கள் போனிலேயே ஓட்டிப் பார்க்க மாதிரிச் செயலி தராதவரிடம் வாங்காதீர்கள். அந்த வீடியோ இன்றும் அங்கேதான் இருக்கிறது, அதே விலையுடன்.